ஊரைக் கேட்டால் ப்ளூஸ் புரியும்: வாசகர் கேள்வி – பதில்

சிகாகோ ப்ளூஸ் கிதார் கலைஞர் பட்டி கய் தன் 89ஆவது பிறந்தநாளன்று, 2025 ஜூலை 30ஆம் தேதி, ஒரு புது ஆல்பம் வெளியிட்டதைப் பற்றிச் சில வரிகள் எழுதியிருந்தேன். அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசைக்கு நம் செட்டிநாட்டுப் பக்கத்திலிருந்து இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. ரொம்ப சந்தோஷம். முடிந்தவரை பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு ப்ளூஸ் என்று தேடிப் பத்துப் பாட்டு கேட்டேன். பத்தும் ஒன்றுபோலவே இருக்கின்றன. எங்கே தொடங்குவது? (கல்லூரி மாணவர், செக்காலை, காரைக்குடி)

பதில்: உங்கள் காதில் குறை ஒன்றும் இல்லை, தம்பி. வெளியூரில் ‘செட்டிநாடு’ என்று பலகை மாட்டிய ஓட்டலில் சாப்பிட்டவரைக் கேளுங்கள், எல்லாம் மிளகு, எல்லாம் காரம் என்பார். மண்டிக்கும் உப்புக்கறிக்கும் கும்மாயத்துக்கும் உள்ள தூரம் நம் வீட்டில் நாலு நாள் தங்கிச் சாப்பிட்டவருக்குத்தான் தெரியும். ப்ளூஸும் அப்படி ஒரு பலகைதான், அதற்குக் கீழே பல ஊர்கள் இருக்கின்றன. நீங்கள் கேட்ட பத்தும் அநேகமாகச் சிகாகோ பாணியாக இருக்கும். முதல் வரியைப் பாடி, அதையே மறுபடி பாடி, மூன்றாவது வரியில் அதற்குப் பதில் சொல்லி முடிப்பது, அடியில் மூன்று கார்டுகள் (கிதாரில் சேர்த்து மீட்டும் சுரங்கள்) திரும்பத் திரும்பச் சுற்றி வருவது. சட்டம் ஒன்றாக இருப்பதால் பாட்டும் ஒன்றாகத் தெரிகிறது. அதனால் பாடகர் பெயரை வைத்துத் தேடாமல் ஊரை வைத்துத் தேடிப் பாருங்கள்.

முதலில் மிசிசிப்பி மாநிலத்தின் வடக்கு மேட்டுநிலம், ஹாலி ஸ்பிரிங்ஸ் என்ற ஊரைச் சுற்றிய பகுதி. அங்கே ஜூனியர் கிம்ப்ரோ என்று ஒருவர் ஞாயிற்றுக்கிழமை ராத்திரிகளில் தன் சொந்தக் கொட்டகையில் வாசிப்பார். அக்கம்பக்கத்து ஜனங்கள் வந்து குடித்து ஆடும் இடம் அது. அவருடைய முதல் ஆல்பமான ‘ஆல் நைட் லாங்’ 1992இல் வந்தபோது அவருக்கு 62 வயது. பதிவு நடந்தது அந்தக் கொட்டகையிலேயே. டிரம்ஸ் வாசித்தது அவர் மகன், பேஸ் கிதார் வாசித்தது அதே பகுதியின் ப்ளூஸ் கலைஞர் ஆர்.எல். பர்ன்சைடின் மகன். மூன்று கார்டு சுற்றெல்லாம் அவரிடம் கிடையாது. ஒரே கார்டைப் பிடித்துக்கொண்டு, அது நகராமல் நகர்ந்துகொண்டே இருக்க, அதன்மேல் தூக்கக் கலக்கத்தில் பாடுவது மாதிரி ஒரு குரல். முதல் பத்து நிமிடம் என்ன இது, எங்கேயும் போகவில்லையே என்று தோன்றும், அப்புறம் நிறுத்த மனம் வராது. கிம்ப்ரோ 1998இல் காலமானார், 2000இல் அந்தக் கொட்டகையும் தீயில் போய்விட்டது. அந்த இடத்தின் சத்தம் இன்று அந்தப் பதிவுகளில்தான் மிச்சம்.

அந்த ஒற்றைக் கார்டு ஆட்டம் எங்கிருந்து வந்தது என்று தெரிய அதே மேட்டுநிலத்தில் ஓத்தா டர்னரைக் கேளுங்கள். விவசாயி. அங்கே விளையும் மூங்கில் வகை ஒன்றை வெட்டி, சுடச்சுடக் காய்ச்சிய கம்பியால் துளைபோட்டுத் தானே குழல் செய்துகொள்வார். பின்னால் பெரிய டிரம்மும் சின்ன டிரம்மும் அடித்துக்கொண்டு வீட்டார் நடந்து வருவார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை தன் நிலத்தில் கிடா அடித்து, நெருப்பில் வாட்டி, ஊரையே கூப்பிட்டுச் சோறும் மேளமுமாக விருந்து வைப்பார். ‘எவ்ரிபடி ஹாலரின் கோட்’ என்ற ஆல்பத்தின் பெயரிலேயே அந்த ஆடு இருக்கிறது. 1998இல், அவர் தொண்ணூறு வயதை எட்டியிருந்தபோது அது வெளிவந்தது. நம் பக்கத்தில் கிடாவெட்டில் நையாண்டி மேளத்தோடு நின்றவர்கள் யாருக்கும் இந்த ஆல்பத்தை விளக்கிச் சொல்ல வேண்டியதே இல்லை. அந்த மேளத்தை மனதில் வைத்துக்கொண்டு மறுபடி கிம்ப்ரோவுக்குப் போங்கள், கிதார் அங்கே மேள வேலை செய்துகொண்டிருப்பது கேட்கும்.

அதே மாநிலத்தில் தெற்கே பென்டோனியா என்ற சின்ன ஊர். அங்கே புளூ ஃப்ரன்ட் கஃபே என்ற கடையை ஜிம்மி ‘டக்’ ஹோம்ஸின் அப்பாவும் அம்மாவும் 1948இல் தொடங்கினார்கள், 1970 முதல் மகன் நடத்துகிறார். அந்த ஊர்க்காரர்கள் கிதாரைச் சுருதி சேர்ப்பதே வேறு மாதிரி, கம்பிகளைச் சும்மா தடவினாலே சோகமான மைனர் கார்டு கேட்கும். ஹோம்ஸ் அதை ஊர்ப் பெரியவர்களிடம் நேரில் உட்கார்ந்து கற்றவர். 2019இல் வந்த ‘சைப்ரஸ் குரோவ்’ ஆல்பத்தில் அவருடைய கிதாரோடு டிரம்ஸும் மின்கிதாரும் சேர்கின்றன. மைனர் சுருதி அவற்றுக்குள் அமுங்கிப் போகவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய நிம்மதி.

இந்த மூன்றையும் கேட்டபிறகு சிகாகோவுக்குத் திரும்புங்கள். பத்துப் பாட்டும் பத்தாகப் பிரிந்து கேட்கும்.

கேள்வி: எண்பது தொண்ணூறு வயதில் ஆல்பம் போட்டால் குரல் எப்படி இருக்கும்? மரியாதைக்காகத்தானே பாராட்டுகிறார்கள்? (ஓய்வுபெற்ற ஆசிரியை, தேவகோட்டை)

பதில்: டீச்சர், நியாயமான சந்தேகம். மரியாதைக்குப் பாராட்டப்படும் ஆல்பங்கள் நிறைய உண்டு. எனக்கு ஒத்துவராத ஒரு வழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பெரியவர் ஒருவரை நடுவில் உட்கார வைத்து, ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு ராக் நட்சத்திரத்தை விருந்தாளியாகக் கூட்டி வருவார்கள். வந்தவர்கள் அன்போடுதான் வருகிறார்கள், ஆனாலும் ஆல்பம் கல்யாண வீட்டு மேடை மாதிரி ஆகிவிடுகிறது. வந்தவர்களைப் பார்ப்பதிலேயே நேரம் போய்விடும்.

பட்டி கய்யிடம் அந்த மாதிரி ஆல்பங்களும் உண்டு. ஆனால் அவருடைய 2001ஆம் ஆண்டு ‘ஸ்வீட் டீ’ வேறு மாதிரி. லூசியானாவில் 1936இல் பிறந்து 1957இல் சிகாகோ போய்ப் பேர் வாங்கியவர், தனக்குச் சொந்தமில்லாத அந்த மேட்டுநிலப் பாணியைத் தேடி, மிசிசிப்பியில் ஆக்ஸ்ஃபர்ட் என்ற ஊருக்கு வந்து பதிவு செய்தது அது. முதல் பாட்டே ஜூனியர் கிம்ப்ரோவின் பாட்டு, வயதாகிவிட்டது, முன்போல எதுவும் முடியவில்லை என்று ஒரு மனிதன் ஒத்துக்கொள்கிற பாட்டு. மின்சாரம் இல்லாத கிதார் ஒன்றே ஒன்று, பக்கத்தில் வேறு எதுவும் இல்லை. அது முடிந்த கையோடு அடுத்த பாட்டில் மின்கிதார் சுவர் இடிந்து விழுவதுபோல இறங்குகிறது. வயதைப் பற்றி அத்தனை பணிவாகச் சொல்லிவிட்டு இப்படி வாசிக்கிறாரே என்று முதல் தடவை கேட்டபோது எழுந்து நின்றுவிட்டேன்.

ப்ளூஸ் பாடகர் பாபி ரஷ்ஷுக்கு முதல் கிராமி விருது கிடைத்தது 2017இல், 83 வயதில், ‘போர்க்குபைன் மீட்’ என்ற ஆல்பத்துக்கு. அதற்கப்புறம் 2021இலும் 2024இலும் மறுபடி வாங்கினார். சிகாகோ ப்ளூஸில் பெரும்பேர் பெற்ற மடி வாட்டர்ஸின் குழுவில் பியானோ வாசித்த பைன்டாப் பெர்கின்ஸ், அதே குழுவில் டிரம்ஸ் வாசித்த வில்லி ‘பிக் ஐஸ்’ ஸ்மித்தோடு சேர்ந்து 2010இல் ‘ஜாயின்ட் அட் தி ஹிப்’ போட்டார். 2011 பிப்ரவரியில் அதற்குக் கிராமி கிடைத்தபோது பெர்கின்ஸுக்கு வயது 97, அடுத்த மாதமே காலமானார். அந்த ஆல்பத்தில் ஸ்மித் டிரம்ஸை மகனிடம் கொடுத்துவிட்டு மவுத்ஆர்கன் வாசிக்கிறார். வட கரோலினாவில் ஜவுளி ஆலையில் வேலை பார்த்து, ஒன்பது பிள்ளைகளை வளர்த்த எட்டா பேக்கருக்கு முதல் தனி ஆல்பம் வந்தது 1991இல், 78 வயதில். மின்சாரம் இல்லாத கிதார், சொல்லாமல் விட மனமில்லை. விரல் நுனியில் அவ்வளவு சுத்தம்.

குரல் மாறத்தான் செய்கிறது. மேல் ஸ்தாயி போய்விடும், மூச்சு குறையும். ஆனால் எந்த இடத்தில் வாசிக்காமல் இருப்பது என்பதை இவர்கள் அளவுக்குத் தெரிந்தவர்கள் இல்லை. இளைஞர் இருபது சுரம் போடும் இடத்தில் பெரியவர் இரண்டு போட்டுவிட்டுக் காத்திருப்பார், அந்தக் காத்திருப்புக்காகவே நான் இந்த ஆல்பங்களை வாங்குகிறேன்.

கேள்வி: மின்சாரம் சேர்ந்ததால் கிராமத்து இசையின் மண்வாசனை போய்விட்டது என்று என் நண்பர் வாதிடுகிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? (புதுவயல்)

பதில்: நாதஸ்வரம் தெருவுக்கு, வீணை கூடத்துக்கு. காரைக்குடி சாம்பசிவ ஐயரின் வீணையைத் தேரோட்டத்தில் வைத்தால் யாருக்குக் கேட்கும்? இடம்தான் சத்தத்தைத் தீர்மானிக்கிறது. மடி வாட்டர்ஸை 1941இல் முதன்முதலில் பதிவு செய்தபோது அவர் மிசிசிப்பியில் ஸ்டோவல் பண்ணையில் வேலை செய்துகொண்டிருந்தார், கையில் சாதாரண கிதார். 1943இல் ரயிலேறிச் சிகாகோ போனார். அங்கே இரைச்சலான மதுக்கடைகளில் அந்தக் கிதார் யார் காதிலும் விழவில்லை. சில வருடங்களிலேயே மின்கிதாருக்கு மாறினார். கேட்க வேண்டும் என்பதற்காக மாறினார், அவ்வளவுதான். அவரோடு சிகாகோ போனவர்களில் பாதிப்பேர் மிசிசிப்பிக்காரர்கள் என்கிற மாதிரி அந்தத் தெருக்கள் இருந்தன, மண்வாசனை கூடவே வந்துவிட்டது.

கொண்டுவிக்க (கடல்கடந்து தொழில் செய்ய) போன நம் ஐயாக்களோடு இதை ஒப்பிட்டு ஒருவர் எழுதியிருக்கிறார். வேண்டாம். நம்மவர்கள் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் தொழில் பெருக்கக் கப்பலேறினார்கள். சிகாகோ போன கறுப்பின மக்கள் நிறவெறிக்கும் குத்தகைக் கடனுக்கும் தப்பி ஓடினார்கள். பிரிவின் வலி இரண்டு பக்கமும் இருந்தாலும் இரண்டும் ஒன்றில்லை.

கேள்வி: ப்ளூஸுக்கும் தமிழ் இசைக்கும் ஏதாவது நேரடித் தொடர்பு உண்டா? (கானாடுகாத்தான்)

பதில்: ஒரு ஆல்பம் உண்டு, 1995இல் வந்த ‘மும்தாஜ் மஹல்’. தாஜ் மஹால் என்ற பெயரில் பாடும் அமெரிக்க ப்ளூஸ் கலைஞர், மோகன வீணை வாசிக்கும் வி.எம். பட், சித்திரவீணை வாசிக்கும் ரவிகிரண் மூவரும் சேர்ந்தது. சித்திரவீணையில், மற்ற வீணையில் சுரம் பிடிக்க இருக்கும் குறுக்குக் கட்டைகள் கிடையாது, கம்பிமேல் உருளையை நகர்த்தி வாசிப்பார்கள். மிசிசிப்பியில் உடைந்த பாட்டில் கழுத்தை விரலில் மாட்டி நகர்த்துவார்கள். குரல் வழுக்கிப்போவதைக் கம்பியில் கொண்டுவரும் ஆசை இரண்டு இடத்திலும் ஒன்றுதான். கமகம் பழகிய காது உங்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது, பயமில்லாமல் கேளுங்கள்.

கேள்வி: இதையெல்லாம் இசைத்தட்டில்தான் கேட்க வேண்டுமா? (பள்ளத்தூர்)

பதில்: தேவையில்லை. போன் போதும். ஹெட்ஃபோன் மட்டும் கொஞ்சம் நல்லதாக வாங்குங்கள், பேஸ் கேட்காவிட்டால் கிம்ப்ரோ பாதிதான்.

கேள்வி: சென்னையில் வேலை பார்க்கிறேன். ஆத்தங்குடியில் இருக்கும் எங்கள் அப்பத்தாவுக்கு 86 வயது. தாலாட்டும் ஒப்பாரியும் மணிக்கணக்கில் பாடுவார்கள். நீங்கள் சொன்ன ஆல்பங்களைக் கேட்டதிலிருந்து அவர்களைப் பதிவு செய்ய வேண்டும் என்று தோன்றுகிறது. ஸ்டுடியோவுக்கு அழைத்துப் போகலாமா? (ஆத்தங்குடி)

பதில்: கூட்டிப்போக வேண்டாம் தாயி. நான் அந்தத் தப்பைச் செய்தவன். பல வருஷத்துக்கு முன்னால் எங்கள் அப்பத்தாவை மதுரையில் ஒரு ஸ்டுடியோவுக்குக் காரில் கூட்டிப்போனேன். கண்ணாடி அறை, ஏசி குளிர், காதில் ஹெட்ஃபோன். வீட்டில் வளவு (நடு முற்றம்) முழுக்கக் கேட்கும் குரல் அங்கே சுருங்கிப்போனது. நடுவில் இரண்டு தடவை நிறுத்தச் சொன்னார்கள், மூன்றாவது தடவை அப்பத்தாவுக்கு வரியே மறந்துவிட்டது. அடுத்த வருஷம் போய்விட்டார்கள். என்னிடம் இருப்பது அந்தப் பதிவு மட்டும்தான். அதை முழுசாகக் கேட்க இன்றுவரை முடியவில்லை.

கிம்ப்ரோவின் கொட்டகைக்கே பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு போனார்களே, அது மாதிரி நீங்கள் ஆத்தங்குடிக்குப் போங்கள். அப்பத்தா வழக்கமாக உட்காரும் இடத்திலேயே உட்காரட்டும். வளவின் நடுவில் வைத்தால் கல்தரையில் குரல் எதிரொலிக்கும், தூணை ஒட்டிய தாழ்வாரமோ இரண்டாம் கட்டோ நல்லது, கீழே ஒரு ஜமுக்காளம் விரித்துவிடுங்கள். மின்விசிறியை அணைத்துவிடுங்கள். போனை விமானப் பயன்முறையில் போட்டு முழங்கை தூரத்தில் ஒரு தலையணைமேல் வையுங்கள். ஒப்பாரியை மட்டும் சும்மா பாடச் சொல்லாதீர்கள். நல்ல நாளில் வீட்டுக்குள் ஒப்பாரி பாடப் பல ஆச்சிமார்கள் சம்மதிக்க மாட்டார்கள், அவர்களாகச் சொல்லும் இடத்துக்கும் நேரத்துக்கும் காத்திருங்கள். தாலாட்டுக்கு வீட்டில் ஒரு குழந்தை இருந்தால் மடியில் கொடுங்கள், பாட்டு தானாக வரும். பக்கத்து வீட்டு ஆச்சி வந்து கூடச் சேர்ந்து பாடினால் தடுக்க வேண்டாம், குருவி கத்தினால் கத்தட்டும். கடைசியில், அன்றைய தேதியையும், இந்தப் பாட்டை யாரிடம் எந்த ஊரில் கற்றார்கள் என்பதையும் அப்பத்தா வாயாலேயே சொல்ல வைத்துவிட்டு அப்புறம் போனை அணையுங்கள்.