வாசற்படிக்கு மூன்று பூசணி போதும்

கேள்வி: அக்கா, எடிசனில் புது வீடு வாங்கிக் குடிவந்திருக்கிறோம். தெருவே ஹாலோவீன் கோலத்தில் இருக்கிறது. எதிர்வீட்டில் 12 அடி எலும்புக்கூடு, பக்கத்து வீட்டுப் புல்வெளி முழுக்கப் பொய்க் கல்லறைகள். "நம் வீட்டில் மட்டும் ஏன் ஒன்றுமே இல்லை?" என்று மகன் நச்சரிக்கிறான். ரத்தமும் வெட்டிய கையும் என் வாசலில் கூடாது. பார்க்கவும் நன்றாக இருக்க வேண்டும். என்ன செய்யலாம்?
— ஒரு வாசகி, நியூ ஜெர்சி

பதில்: கடைக்கு ஓடாதீர்கள். முதலில் எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று உங்கள் வாசலைப் பாருங்கள், அதுவும் இருட்டிய பிறகு. ஹாலோவீன் நாளான அக்டோபர் 31 இரவு, வேடம் போட்டு மிட்டாய் கேட்டு வரும் குழந்தைகள் ஏறப்போவது உங்கள் படிகளில்தான். கூரையையும் புல்வெளியையும் எதிர்வீட்டுக்காரருக்கே விட்டுவிடுங்கள். படியும் கதவும் உங்களுக்குப் போதும்.

படிக்கு ஒன்றாக மூன்று பூசணி வையுங்கள். மூன்றும் ஒரே ஆரஞ்சு நிறத்தில், ஒரே அளவில் இருந்தால் கடையில் அடுக்கியது போலிருக்கும். ஒன்று வெள்ளை, ஒன்று சாம்பல் பூத்த பச்சை, ஒன்று தட்டையான செம்பூசணி எனப் பண்ணைக் கடைகளில் பொறுக்கி எடுக்கலாம். பக்கத்தில் ஒரு தொட்டிச் சாமந்தி. முழுக்க மலர்ந்ததை வாங்காமல் மொட்டுள்ளதை வாங்கினால் மாதக் கடைசிவரை தாங்கும். முன்வாசல் தூணில் காய்ந்த சோளத்தட்டை ஒரு கட்டு. ஊதா விளக்குச் சரம் வேண்டாம். மஞ்சள் ஒளி விளக்கு ஒன்று போதும்.

மூன்றில் ஒன்றை மட்டும் குடையுங்கள். அயர்லாந்தில் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கேற்றிய வழக்கம்தான், அங்கிருந்து குடியேறியவர்களோடு அமெரிக்கா வந்து பூசணிக்கு மாறியது. பல்லிளிக்கும் முகம்தான் வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை. துளையிடும் கருவி வீட்டில் இருக்குமே? பூசணித் தோலில் புள்ளிக்கோலத்தின் புள்ளிகளைப் பேனாவால் குறித்து, ஒவ்வொன்றிலும் துளை போடுங்கள். உள்ளே விளக்கு வைத்தால் தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள்.

எல்லோரும் காம்பைச் சுற்றி மூடி வெட்டுவார்கள். காய் வாடியதும் அந்த மூடி உள்ளே விழுந்துவிடும். நீங்கள் அடிப்பக்கத்தை வட்டமாக வெட்டி, நாரையும் விதையையும் கரண்டியால் சுரண்டி எடுங்கள். துளை போடும் பக்கத்துச் சுவரை ஓர் அங்குலம் கனத்துக்குச் சீவினால் கருவி சுலபமாக இறங்கும், வெளிச்சமும் தாராளமாக வரும். உள்ளே ஈரத்தைத் துடைத்துவிட்டு, பேட்டரி விளக்கின்மேல் கவிழ்த்து வையுங்கள். மெழுகுவர்த்தி ஏற்றாதீர்கள்; அன்று வருகிற பிள்ளைகளெல்லாம் தரையில் புரளும் அங்கியில் வருவார்கள். 29ஆம் தேதிக்கு முன் கத்தியை எடுக்கவும் வேண்டாம். குடைந்த பூசணி சில நாளிலேயே பூசணம் பிடிக்கும். அதற்கு முன் அணில் வந்தாலும் வந்துவிடும். குடையாதது வாரக்கணக்கில் நிற்கும்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன்: செடிகள்மேல் பஞ்சுச் சிலந்திவலையை இழுத்துக் கட்டாதீர்கள். சிறு பறவைகள் சிக்கிக்கொள்கின்றன. ஆசையாக இருந்தால் வீட்டுக்குள் வையுங்கள்.

கேள்வி: மதுரையிலிருந்து மாமியார் வந்திருக்கிறார். வாசலில் பேய் பொம்மை மாட்டினால் வீட்டுக்கு ஆகாது என்கிறார்.
— ஒரு வாசகி, டல்லாஸ்

பதில்: பாதி கட்டிய வீட்டின் முன் மீசை வைத்த அரக்கன் முகம் தொங்குகிறதே, அது யாரை வரவேற்க அத்தை என்று கேட்க எனக்கு ஆசைதான். நீங்கள் கேட்காதீர்கள். பேயே இல்லாமலும் ஹாலோவீன் கொண்டாடலாம். கறுப்பு அட்டையில் சின்னதும் பெரியதுமாக வௌவால்கள் வெட்டி, இறக்கையை லேசாக மடித்து, கூடத்துச் சுவரின் கீழ்மூலையிலிருந்து மேலே கூட்டமாகப் பறப்பதுபோல் ஒட்டுங்கள். சுவர்ப் பூச்சு பெயராத ஒட்டுநாடாவாகப் பார்த்து வாங்குங்கள். பூசணியும் மஞ்சள் விளக்கும் தீபாவளிக்கும் பொருந்தும். 2024இல் இரண்டு பண்டிகையும் அக்டோபர் 31 அன்றே வந்தன. மிட்டாய்க் கிண்ணத்தை மாமியார் கையில் கொடுத்து வாசலில் உட்கார வைத்துவிடுங்கள். இரண்டு இளவரசிகளும் ஒரு டைனோசரும் வந்து போனால் அவரே சமாதானமாகிவிடுவார்.

கேள்வி: சில வீட்டு வாசலில் நீலப்பச்சைப் பூசணி இருக்கிறதே, அது புது நாகரிகமா?
— ஒரு வாசகர், சிகாகோ

பதில்: நாகரிகம் இல்லை, அறிவிப்பு. வேர்க்கடலை, பால் போன்றவை ஒத்துக்கொள்ளாத குழந்தைகளுக்கு இந்த வீட்டில் தின்பண்டம் அல்லாத பரிசும் உண்டு என்று பொருள். 2014இல் அமெரிக்கா முழுக்கப் பரவிய வழக்கம். நீங்களும் வைக்கலாம், ஆனால் ஸ்டிக்கர், பென்சில், ஒளிரும் குச்சி என்று ஏதாவது தனிக் கிண்ணத்தில் இருக்க வேண்டும். சாயம் பூசிய பூசணியைப் பிறகு கூட்டுக்கு நறுக்கிவிடாதீர்கள். கூட்டுக்குச் சின்ன இனிப்புப் பூசணி தனியாகக் கிடைக்கிறது.