‘நுரையீரலில் நீர் கோர்த்திருக்கிறது’ என்கிறார்களே, அந்த நீர் ஏன் இருமினால் வெளியே வருவதில்லை?

அது நுரையீரலுக்குள்ளேயே இல்லை என்பதால்தான். வெளியே, நுரையீரலைச் சுற்றியுள்ள உறையில் இருக்கிறது. அங்கிருந்து மூச்சுக்குழாய்க்கு வழி கிடையாது.

ப்ளூரா எனப்படும் இந்த உறை இரண்டு அடுக்கு. உள் அடுக்கு நுரையீரலோடு ஒட்டியிருக்கும். வெளி அடுக்கு விலா எலும்புகளின் உட்புறத்தையும் உதரவிதானத்தின் மேற்பக்கத்தையும் மூடியிருக்கும். நடுவே வழுக்கலுக்காக ஓரிரு தேக்கரண்டி நீர். (யானைக்கு இந்த இடைவெளியே கிடையாது, இரண்டு அடுக்கும் திசுவால் ஒட்டியிருக்கும். அதுவும் நன்றாகத்தான் மூச்சு விடுகிறது!) அந்த நீர் ஓயாமல் ஊறும், நிணநீர்க் குழாய்கள் வழியாக வடிந்துகொண்டும் இருக்கும். ஊறுவது கூடினாலோ வடிவது அடைபட்டாலோ தேங்கிவிடும். இதயம் பலவீனமானாலும் நிமோனியா, புற்றுநோய் வந்தாலும் இப்படி ஆகலாம். நம் ஊரில் ஒரு பக்கம் மட்டும் நீர் கோர்த்தால் காசநோயா என்றும் கட்டாயம் பார்ப்பார்கள்.

என் சித்தப்பாவுக்கு அதுதான் இருந்தது. மூச்சை இழுத்தால் வலது விலாவில் சுருக்கென்று குத்தும். வாயுப்பிடிப்பு என்று சொல்லிப் பூண்டு தின்றுகொண்டிருந்தார். கொஞ்ச நாளில் வலி குறைந்தது, வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்க ஆரம்பித்தது. வலி தெரியும் நரம்புகள் வெளி அடுக்கில்தான் உண்டு. வீங்கிய இரண்டு அடுக்கும் உரசும்போது குத்துகிறது. நீர் பெருகி இரண்டையும் விலக்கியதும் உரசல் நின்று வலி அடங்கிவிடுகிறது. அதாவது வலி குறைந்ததே நோய் முற்றியதால்தான்.

நீர் எடுத்தபோது கூட இருந்தேன். மேஜைமேல் தலையணை வைத்து முன்பக்கமாகச் சாய்ந்து உட்காரச் சொன்னார்கள். முதுகில் மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, விலா எலும்பின் மேல் விளிம்பை ஒட்டிக் குத்தினார் டாக்டர். கீழ் விளிம்பை ஒட்டி ரத்தக் குழாயும் நரம்பும் ஓடுகின்றனவாம். நல்லெண்ணெய் நிறத்தில் இறங்கியது. ஒரு லிட்டரைத் தாண்டியதும் இருமல் வந்தது, உடனே நிறுத்திவிட்டார். அமுங்கிக் கிடந்த நுரையீரல் விரியும்போது இருமல் வரும். ஒரேயடியாக எல்லாவற்றையும் எடுத்தால் நுரையீரலுக்குள்ளேயே நீர் சுரக்கும் ஆபத்து உண்டு.

அப்புறம் ஒன்று: நீரை எடுத்தது மூச்சுத்திணறலுக்கும் பரிசோதனைக்கும்தான். நோய் போக 6 மாதம் மாத்திரை சாப்பிட்டார். அரசு மருத்துவமனையில் அது இலவசம்.