டிங்கர் மாமா பதில்கள்: எம்.ஜி. காரின் மட்காட்டை வெட்டலாமா?

கேள்வி: என் அப்பா மரக்கறி வியாபாரி. 1980களில் ஒரு தோட்டத்துத் துரையிடம் 1967ஆம் ஆண்டின் எம்.ஜி.பி. திறந்த காரை வாங்கினார். இப்போது அது என்னிடம். அகலமான டயர் போட்டு, பின் மட்காட்டுகளை வெட்டி, ஃபைபர் வளைவு வைத்து ரிவெட் அடிக்க ஆசை. ஜப்பானில் அகிரா நகாய் பழைய போர்ஷேக்களுக்குச் செய்வதைப் பார்த்து வந்த ஆசை இது. செய்யலாமா?
எஸ்.கே., தலவாக்கலை

பதில்: தம்பி, நகாய் அறுப்பதை நானும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தவன்தான். என்ன கை அது! ஆனால் அவர் கை வைக்கிற போர்ஷே 911க்கு 1970களின் நடுவிலிருந்தே தகட்டுக்குத் துத்தநாகப் பூச்சு உண்டு. உங்கள் எம்.ஜி.பி.க்கு வெறும் இரும்புத் தகடு, மேலே பெயின்ட், அவ்வளவுதான். தலவாக்கலையில் மே மாதம் பிடிக்கிற மழை எப்போது விடும் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மட்காட்டுக்குள் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். வெளித்தகடும் உள்வளைவும் விளிம்பில் ஒன்றாகச் சேர்ந்து, புள்ளி புள்ளியாக வெல்டிங் பிடித்திருக்கும். விளிம்பை அறுத்த கையோடு இரண்டும் பிரிந்துவிடும். அதை அப்படியே விட்டு மேலே ஃபைபரை ரிவெட் அடித்தால் சக்கரம் வாரியடிக்கிற சேறெல்லாம் நடுவில் போய் உட்காரும். வெளியே பளபள, உள்ளே தேயிலைத் தூள் மாதிரி துரு. சரியான முறை, உள்வளைவின் விளிம்பைச் சின்னச் சின்னப் பட்டைகளாகக் கீறி, வெளியே தட்டி வளைத்து, புது வளைவுத் தகட்டோடு சேர்த்து வெல்டிங் பிடிப்பது. அதையும் இரும்புத் தகட்டிலேயே செய்ய வேண்டும். ஒரு பக்கத்துக்கே நல்ல டிங்கர்காரருக்குப் பல நாள் பிடிக்கும். ஒரே நாளில் முடித்துத் தருகிறேன் என்பவரிடம் காரை விடாதீர்கள்.

அதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது கதவுக்குக் கீழே நீளமாக ஓடுகிற ‘சில்’ என்ற தகட்டுப் பெட்டி. எம்.ஜி.பி.க்குத் தனியாக சேஸி (பாரம் தாங்கும் அடிச்சட்டம்) கிடையாது, உடம்பேதான் சேஸி. திறந்த காருக்கு மேலே கூரையும் இல்லை, ஆகவே முழுப் பாரமும் சில்லின் தலையில். இதை நான் காசு கொடுத்துப் படித்தவன். கராஜ் தொடங்கிய புதிதில் ஹட்டனில் ஒரு எம்.ஜி.பி. வந்தது. முன்னும் பின்னும் முட்டுக் கொடுத்துத் தூக்கி, அழுகிய சில்லை அறுத்து, புதுசை அழகாக வெல்டிங் பிடித்தேன். இறக்கினால் கதவு மூடவில்லை. வயிறு தொங்கின நிலையிலேயே காரை ஒட்டிவிட்டேன்! உரிமையாளர் ஒன்றும் பேசாமல் முழங்காலால் கதவை முட்டிப் பார்த்தார். அந்தப் பார்வைக்குத் திட்டியிருக்கலாம். மறுபடி அறுத்து, கதவு நிலையின் குறுக்கே இரும்புக் குழாய் வெல்டிங் பிடித்துவிட்டு, சொந்தச் செலவில் திரும்பச் செய்தேன்.

நீங்கள் இப்படிச் சோதியுங்கள்: ஜாக்கியில் ஒரு பக்கத்தைத் தூக்கி, கதவைச் சுற்றியுள்ள இடைவெளி மாறுகிறதா என்று பாருங்கள். மாறினால் சில் போய்விட்டது. மட்காட் ஆசையைத் தள்ளி வையுங்கள். ஒரு காந்தத்தையும் துணியில் சுற்றி உடம்பெங்கும் ஓட்டுங்கள். ஒட்டாத இடத்தில் பட்டி அப்பியிருக்கிறது. பொனட்டில் ஒட்டாவிட்டால் பயப்பட வேண்டாம், அந்தக் காலத்து எம்.ஜி.பி. பொனட் அலுமினியம்.

டயர் விஷயம். சமதரையில் இடிக்காத டயர் ரம்பொடை வளைவில் இடிக்கும். ஒரு சக்கரத்தைக் கட்டை மேல் ஏற்றி, ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து, இடைவெளியைப் பார்த்த பிறகு டயருக்குக் காசு கொடுங்கள். உடலமைப்பை மாற்றுவதானால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் முதலே கேட்டுவிடுங்கள்.

என் யோசனை? வெட்டாதீர்கள். மஹகஸ்தோட்டை மலையேற்றக் கார்ப் போட்டிக்கு ஓட்டப் போகிறீர்கள் என்றால் கதை வேறு. அங்கே அகல டயருக்கு வேலை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நுவரெலியா போய் ஸ்ட்ரோபெரி தின்றுவிட்டு வர அப்பாவின் மட்காட்டை அறுப்பானேன்?

கேள்வி: என்னுடையது 1977 எம்.ஜி.பி. அந்தக் கறுப்பு ரப்பர் பம்பர் பிடிக்கவில்லை. பழைய குரோம் பம்பர் மாட்டலாமா?
ஒரு வாசகர், பண்டாரவளை

பதில்: மாட்டலாம், ஆனால் பம்பரோடு வேலை முடியாது. முன் கிரில், கீழ்த்தகடு, மட்காட் மூலைகள், பம்பர் தாங்கிகள் எல்லாம் மாறும். அமெரிக்கச் சட்டத்துக்காக 1974இல் அந்த ரப்பரைப் போட்டபோது காரையும் சுமார் ஒரு அங்குலம் உயர்த்தினார்கள். குரோம் போடுகிறவர்கள் வழக்கமாக உயரத்தையும் இறக்கிவிடுவார்கள். நீங்கள் இறக்க வேண்டாம். தோட்டத்து ரோட்டில் அந்த ஒரு அங்குலம்தான் உங்கள் சைலன்ஸரைக் காப்பாற்றுகிறது.

கேள்வி: வீட்டுக் கொட்டகையில் லெக்கர் பெயின்ட் அடித்தேன். மறுநாள் சாம்பல் பூசியது போல வெள்ளையாகிவிட்டது. பெயின்ட் போலியா?
எம்.ஆர்., நுவரெலியா

பதில்: பெயின்டைத் திட்டாதீர்கள், மூடுபனியைத் திட்டுங்கள். தின்னர் ஆவியாகும்போது தகடு குளிரும், காற்றிலுள்ள ஈரம் அதில் படியும். அதுதான் அந்த வெள்ளை. மெதுவாக ஆவியாகிற தின்னர் கலந்து, காய்ந்த வெயில் நாளில், பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் இடையில் அடியுங்கள். லேசாகப் பூத்திருந்தால் அதே தின்னரை மெல்லியதாக ஒரு தடவை விசிறிப் பாருங்கள், தெளியும். ஃபைபர் வேலைக்கும் இதே நேரம்தான். குளிரில் ரெசின் இறுகாது. சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்ட்னரை அள்ளி ஊற்றினால் பிறகு வெடிக்கும்.

கேள்வி: 1959 ஒஸ்டின் ஹீலி ஸ்பிரைட். தவளைக் கண் விளக்குகளை எடுத்துவிட்டு, மட்காட்டுக்குள் பதிக்கலாமா?
டி., ஹப்புத்தளை

பதில்: அந்த விளக்குகளை மடங்கிப் படுக்கும்படி செய்யத்தான் முதலில் நினைத்தார்கள். செலவு கூடும் என்று நிமிர்த்தியே வைத்துவிட்டார்கள், அதுவே பெயராகிவிட்டது. கண்ணைத் தோண்ட வேண்டாம், ஐயா. அந்தக் காரின் முன்பக்கம் முழுக்க ஒரே துண்டாகத் தூக்கித் திறப்பது. வேறு ஃபைபர் முன்பக்கம் செய்து மாட்டிக்கொண்டு, அசலைக் கழற்றிப் பரணில் ஏற்றுங்கள். எலி கூடு கட்டாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.