பத்து கட்டங்களை நிரப்ப எத்தனை வகுப்பு வேண்டும்?

தம்பி, உங்கள் கேள்வி இந்த ஊருக்குப் புதிதாக வரும் எல்லோருக்கும் வருவதுதான். டாலஸ் பக்கம் வந்து எட்டு மாதம், ஹெச்-1பி விசா, மகள் ஒன்பதாம் வகுப்பு. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் பரதம், வயலின், டிபேட், ரோபோட்டிக்ஸ் என்று ஓடுகிறார்கள். "நல்ல காலேஜுக்கு மார்க் மட்டும் போதாதாமே அக்கா, இவளை எதிலெல்லாம் சேர்க்கணும்? சாயங்காலம் தம்பியை ஸ்கூலில் இருந்து கூட்டி வந்து பார்த்துக்கொள்வதால் இவள் இன்னும் எதிலும் சேரவே இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள்.

அந்தக் கடைசி வரிக்குக் கடைசியில் வருகிறேன். நான் வந்து 21 வருடம் ஆகிறது. இரண்டு பிள்ளைகளுக்கு இந்த விண்ணப்ப வேலையைக் கூடவே இருந்து பார்த்துவிட்டேன். பெரியவள் விஷயத்தில் தப்புப் பண்ணினேன், அதைச் சொன்னாலே உங்களுக்குப் பாதி பதில் கிடைத்துவிடும்.

முதலில் ஒரு பயத்தை இறக்கி வையுங்கள். இங்கே எல்லாக் கல்லூரியும் இதையெல்லாம் ஒரே அளவில் பார்ப்பதில்லை. நம் ஊர் கட்-ஆஃப் போலவே டெக்சஸிலும் ஒன்று உண்டு. 1997-இல் வந்த சட்டப்படி, பள்ளி ரேங்கில் முதல் பத்து சதவீதத்துக்குள் வரும் பிள்ளைக்கு மாநிலப் பல்கலைக்கழகங்களில் இடம் உறுதி. ஆஸ்டினில் இருக்கும் டெக்சஸ் பல்கலைக்கழகம் மட்டும் அதைவிடக் குறைந்த சதவீதத்தோடு நிறுத்திக்கொள்கிறது. ஆனால் பல்கலைக்கழகத்துக்குள் இடம் உறுதி என்றால் கேட்ட பாடப்பிரிவும் உறுதி என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே கம்ப்யூட்டர் சயின்ஸ் மாதிரிப் பிரிவுகளுக்கு முழு விண்ணப்பத்தையும் படித்துத்தான் எடுக்கிறார்கள்.

நூறு பேர் கேட்டால் பத்துப் பேரைக்கூட எடுக்காத கல்லூரிகளின் கதை வேறு. அங்கே வருகிற விண்ணப்பங்களில் பெரும்பாலானவை முழு மார்க்கும் கடினமான பாடங்களும் கொண்டவை. மார்க் கதவு வரை கூட்டிப் போகும், உள்ளே யார் என்று முடிவு செய்ய வேறு ஏதாவது வேண்டும். சேர்க்கையில் இனத்தைப் பார்க்கிறார்கள் என்று ஹார்வர்டு பல்கலைக்கழகம் மேல் போட்ட வழக்கில் (2023-இல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்ததே, அதுதான்) உள் விவரம் வெளியே வந்தது. படிப்புக்கு ஒரு மதிப்பெண், பாடத்துக்கு வெளியே செய்தவற்றுக்கு ஒன்று, விளையாட்டுக்கு ஒன்று, குணத்துக்கு ஒன்று என்று தனித்தனியாகப் போடுகிறார்கள். எந்தக் கல்லூரி எதற்கு எவ்வளவு எடை கொடுக்கிறது என்று அறிய அக்கம்பக்கத்தைக் கேட்க வேண்டாம். கல்லூரிப் பெயரோடு 'காமன் டேட்டா செட்' என்று போட்டுத் தேடுங்கள். அதில் சி7 என்ற அட்டவணையில் எது மிக முக்கியம், எது முக்கியம், எதைப் பார்ப்பதே இல்லை என்று அவர்களே குறித்து வைத்திருப்பார்கள்.

இப்போது என் தப்பு. பெரியவளைப் பத்தாம் வகுப்பு முடிவதற்குள் ஏழு இடத்தில் சேர்த்திருந்தேன். பாதி நாள் இரவுச் சாப்பாடு காரில்தான். பன்னிரண்டாம் வகுப்பு அக்டோபரில் 'காமன் ஆப்' என்ற, பல கல்லூரிகளுக்கும் பொதுவான விண்ணப்பப் படிவத்தைத் திறந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தோம். பாடத்துக்கு வெளியே செய்தவற்றுக்கு மொத்தம் பத்து கட்டம். செய்தது என்ன என்று எழுத ஒவ்வொன்றிலும் 150 எழுத்துதான், இடைவெளியும் சேர்த்து. எந்தெந்த வகுப்பில் செய்தாய், வாரம் எத்தனை மணி, வருடம் எத்தனை வாரம் என்று பக்கத்திலேயே கேட்கிறார்கள். ஒன்பது வருடப் பரதத்தையும் அரங்கேற்றத்தையும் அதற்குள் அடக்க, 'அண்ட்' என்ற சொல்லை எடுத்துவிட்டு '&' போட்டு, இரண்டு எழுத்தை மிச்சம் பிடிக்கப் போராடினோம். மற்றவை? ஒரு வருடம், வாரம் ஒரு மணி. அடுத்ததும் ஒரு வருடம், வாரம் ஒரு மணி. வரிசையாகப் படித்தபோது எனக்கே வயிற்றைப் பிசைந்தது. பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்பது அந்தத் திரையில் அப்படியே தெரிந்தது.

நான் சேர்த்துவிடாத ஒன்றுதான் அவளைத் தூக்கி நிறுத்தியது. சனிக்கிழமை தமிழ்ப் பள்ளியில் சின்னப் பிள்ளைகள் வகுப்பில் உதவிக்குப் போய்க்கொண்டிருந்தாள். ல, ள, ழ மூன்றையும் ஒரே மாதிரி சொல்லும் பிள்ளைகளுக்காகப் பழைய அட்டைப்பெட்டியை வெட்டிப் படச் சீட்டு செய்தாள். பழம் ஒரு சீட்டில், பள்ளம் ஒரு சீட்டில், பல் ஒரு சீட்டில். முதல் செட் பிள்ளைகள் கையில் கிழிந்துபோனது. இரண்டாவதை டேப் ஒட்டிச் செய்தாள். மூன்று வருடம் யாரும் சொல்லாமல் செய்தாள். வீட்டுத் தரையில் அட்டைத் துண்டுகள் கிடக்கிறதே என்று நான் திட்டியதுகூட உண்டு. விண்ணப்பத்தோடு கேட்கும் கட்டுரையை அதைப் பற்றித்தான் எழுதினாள். விண்ணப்பித்த கல்லூரிகளில் பல வேண்டாம் என்றன. எடுத்துக்கொண்ட கல்லூரியின் கடிதத்தில், கையால் எழுதிய ஒரு வரியில், அந்தச் சீட்டுகளைக் குறிப்பிட்டிருந்தார்கள்.

அதனால் சின்னவனை அவன் இஷ்டத்துக்கு விட்டுவிட்டேன். அவன் பள்ளியில் மார்ச்சிங் பேண்டில் சேர்ந்தான். ஜூலைக் கடைசி வெயிலில் கார் நிறுத்தும் தளத்தில் டிராம்போனைத் தூக்கிக்கொண்டு நடப்பான். வெள்ளிக்கிழமை இரவெல்லாம் ஃபுட்பால் மைதானம். நான்கு வருடம் அது ஒன்றுதான், பதினொன்றாம் வகுப்பில் தன் பிரிவுக்குப் பொறுப்பாளன். புதிதாக வந்த பெற்றோர் பலர் பேண்டைப் படிப்புக்கு இடைஞ்சல் என்று நினைக்கிறார்கள். அதில் இருக்கும் உழைப்பை இந்த மாநிலத்தில் விண்ணப்பம் படிப்பவர்களுக்கு விளக்கவே தேவையில்லை.

உங்கள் விசா பற்றி ஒன்று, இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. மகள் ஹெச்-4 (உங்கள் விசாவைச் சார்ந்து குடும்பத்துக்குத் தரும் விசா) என்றால் சம்பளம் வாங்கும் வேலை எதுவும் கூடாது. கடையில் பகுதி நேரம், காசுக்கு டியூஷன் இரண்டும் வேண்டாம், ஒரு வக்கீலைக் கேட்காமல் இறங்காதீர்கள். உண்மையான தன்னார்வப் பணி செய்யலாம். கோடை ஆய்வுத் திட்டங்கள் சில குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ளவர்களுக்குத்தான், நாசா இன்டர்ன்ஷிப்புக்குக் குடியுரிமை கட்டாயம். பிள்ளை ஆசைப்பட்ட பிறகு கதவு மூடினால் மனசு உடையும், அதனால் தகுதி வரியை முதலில் படியுங்கள்.

பெரிய பல்கலைக்கழக வளாகத்தில் நடக்கிறது என்பதற்காகப் பணம் கட்டிச் சேரும் கோடை வகுப்புகளும் உண்டு. பாடம் பிடித்திருந்தால் போகட்டும், அங்கே இடம் கிடைக்க அது வழி இல்லை. எம்.ஐ.டி.யில் நடக்கும் ரிசர்ச் சயின்ஸ் இன்ஸ்டிட்யூட் சேர்பவர்களிடம் படிப்புக் கட்டணம் வாங்குவதில்லை, நுழைவதுதான் கடினம். தேர்ந்தெடுத்து எடுப்பதற்கும் காசுக்கு எடுப்பதற்கும் அதுதான் வித்தியாசம். பதினைந்து வயதில் அறக்கட்டளை தொடங்கச் சொல்லும் ஆலோசகர்களை நம்ப வேண்டாம். கூட்டி எழுதுவது, இல்லாததை எழுதுவது அறவே வேண்டாம். 2019-இல் வெளியே வந்த வழக்கில், பிள்ளை ஆடாத விளையாட்டை ஆடியதாகக் காட்டிய பெற்றோர் சிலர் சிறைக்கே போனார்கள்.

இனி உங்கள் கடைசி வரி. தம்பியைப் பார்த்துக்கொள்வதால் எதிலும் சேரவில்லை என்றீர்களே, காமன் ஆப்பில் செயல்பாடுகளின் வகைப் பட்டியலில் 'குடும்பப் பொறுப்பு' என்றே ஒன்று இருக்கிறது. ஹார்வர்டு கல்வியியல் பள்ளி 2016-இல் வெளியிட்ட அறிக்கை, வீட்டில் சுமக்கும் பொறுப்பையும் கல்லூரிகள் மதிக்க வேண்டும் என்றது. பல கல்லூரிகளின் சேர்க்கை அலுவலர்கள் அதை ஆதரித்தார்கள். நாளுக்கு மூன்று மணி, வாரம் ஐந்து நாள் என்றால் பதினைந்து மணி. என் பெரியவளின் ஏழில் எதுவும் அதைத் தொடவில்லை. இன்றைக்கே ஒரு நோட்டில் தேதி போட்டுக் குறித்து வைக்கச் சொல்லுங்கள், மூன்று வருடம் கழித்து நினைவிலிருந்து எடுப்பது கஷ்டம்.

ஆனால் அவளுக்கென்று ஒரு சாயங்காலமாவது வேண்டும், தம்பி. வாரம் இரண்டு நாள் உங்கள் மகனைப் பள்ளி முடிந்தபின் வைத்துக்கொள்ளும் இடத்தில் விட முடியுமா பாருங்கள். அந்த இரண்டு நாளில் பள்ளியில் எந்தக் கிளப்புக்குப் போகிறாள் என்பதை அவளே சொல்லட்டும். நீங்கள் வயலின் என்று மனதில் வைத்திருப்பது தெரிகிறது. வாடகைக்கு எடுத்துக் கொடுங்கள். ஒரு மாதம் கழித்தும் யாரும் சொல்லாமல் பெட்டியைத் திறக்கிறாளா என்று பாருங்கள். திறந்தால் எனக்கு எழுதுங்கள், நல்ல வாத்தியார் ஒருவரை எனக்குத் தெரியும்.