தொடையில இரும்பு இருக்கு, புக்குல மெடல் இல்ல

கேள்வி: வணக்கம் தம்பி. நான் பேரையூர் பக்கம் ஒரு கிராமம், பேரு போட வேணாம். 1968ல மதராஸ் ரெஜிமென்ட்ல சேந்து 1985ல நாயக் ரேங்க்ல பென்ஷன்ல வந்தேன். 71 பாகிஸ்தான் சண்டையில கிழக்கால பார்டர் தாண்டி, இப்ப பங்களாதேஷா இருக்குற எடத்துக்குப் போனோம், டிசம்பர்ல மோர்ட்டார் குண்டு விழுந்து எடது கால்ல அடி, ஆஸ்பத்திரில கெடந்தப்பதான் டாக்கா விழுந்த சேதிய ரேடியோவுல கேட்டேன். ஆனா என் டிஸ்சார்ஜ் புக்குல சங்கிராம் மெடலும் 25வது சுதந்திர தின மெடலும்தான் ஏறியிருக்கு, பூர்வி ஸ்டாரும் இல்ல, வூண்ட் மெடலும் இல்ல. அப்ப புள்ளகுட்டி, வயித்துப்பாடுன்னு விட்டுட்டேன். போன வருசம் முட்டி வலிக்கு மதுரையில எக்ஸ்ரே எடுத்தப்ப அந்த டாக்டர் பொண்ணு படத்த லைட்டுல வச்சுப் பாத்துட்டு "தாத்தா, முட்டிக்கு மேல நெல்லு மாதிரி இரும்பு தெரியுதே, என்ன இது?"ன்னு கேட்டுச்சு. அன்னைல இருந்து மனசு ஆற மாட்டேங்குது. பேரன் அமெரிக்காவுல இருக்கான், அங்க இதுக்குன்னே ஒரு போர்டு இருக்குன்னு சொல்றான். இங்க யாருகிட்ட போறது? 50 வருசம் கழிச்சுக் கேட்டா சிரிப்பாகளா?

பதில்: அய்யா, வணக்கம். யாரும் சிரிக்க மாட்டாங்க. நீங்க புதுசா ஒண்ணு குடுங்கன்னு கேக்கல, அன்னைக்கே எழுதியிருக்க வேண்டியத எழுதுங்கன்னு கேக்குறீங்க, அதுக்கு எதுக்கு கூச்சம்? உங்க லெட்டர நான் மூணு தடவ படிச்சேன், அந்த நெல்லு மாதிரி இரும்புங்குற இடத்துல அப்புடியே நின்னுட்டேன்.

முதல்ல ஒரு விசயம். சங்கிராம் மெடல் 71 சண்டைக்காலத்துல சர்வீஸ்ல இருந்தவங்களுக்கு பரவலா குடுத்தது, அத வச்சு நீங்க எந்த முனையில நின்னீங்கன்னு சொல்ல முடியாது. கிழக்கு முனையில இருந்தவங்களுக்கு பூர்வி ஸ்டார், மேற்குல இருந்தவங்களுக்கு பஷ்சிமி ஸ்டார். எதிரி தாக்குனதுல காயம் பட்டவங்களுக்கு வூண்ட் மெடல், அதத்தான் இப்ப பராக்ரம் பதக்னு சொல்றாங்க. உங்க ரெஜிமென்டுக்கு அந்த கிழக்குச் சண்டைக்காக சிரமணின்னு ஒரு போர் கௌரவமே இருக்கு, பங்களாதேஷ்ல குல்னா பக்கத்துல நடந்த சண்டை. ரெஜிமென்ட் கொடியில ஊர் பேரு ஏறி, சண்டையில ரத்தம் சிந்துன ஆளு புக்குல ஏறலன்னா அத அப்புடியே விடலாமா?

ஏன் விட்டுப்போச்சுன்னு எனக்குத் தோணுறது இதுதான். அடிபட்ட ஆளு யூனிட்ல இருந்து ஆஸ்பத்திரிக்குப் போயிருவாரு, அங்கிருந்து வேற எடத்துக்குப் போவாரு, பின்னாடி யூனிட்ல மெடலுக்கு லிஸ்ட் எழுதுறப்ப உக்காந்து எழுதுற ஆளு கண்ணு முன்னாடி இருக்குறவன் பேரத்தான் எழுதுவாரு. நீங்க பெட்ல கெடந்தீங்க, அவ்வளவுதான், யாரும் வேணும்னு செஞ்சிருக்க மாட்டாங்க.

பட்டாளத்துல மெடல் குடுக்குறது பேப்பர வச்சு, ஆள் சொல்ற கதைய வச்சு இல்லங்குறது உங்களுக்கே தெரியும். அதனால "நான் சண்டை போட்டேன், மெடல் குடுங்க"ன்னு எழுதாதீங்க, "இன்ன தேதி நான் காயம்பட்டதுக்கு வந்த பார்ட் டூ ஆர்டர் நகல் குடுங்க, அத வச்சு என் ஷீட் ரோலத் (சர்வீஸ் பதிவு) திருத்துங்க"ன்னு எழுதுங்க. கல்யாணம், புள்ள பொறந்தது, லீவு, ஆஸ்பத்திரில சேந்தது, வெளிய வந்தது எல்லாமே பார்ட் டூ ஆர்டர்ல வரும்ல, அதுல பேட்டில் கேஷுவல்டின்னு (சண்டையில அடிபட்டவர்) ஒரு வரி இருந்துச்சுன்னா பாதி வேலை முடிஞ்சது. லெட்டர் போக வேண்டியது நீலகிரி வெலிங்டன்ல இருக்குற உங்க ரெஜிமென்ட் ரெக்கார்ட் ஆபீஸுக்கு, ஆபீஸர் இன் சார்ஜ் பேருக்கு. ஆர்மி நம்பர், ரேங்க், புக்குல இருக்குற ஸ்பெல்லிங்லயே பேரு (ஆதார்ல வேற மாதிரி இருந்தாலும் இதுல புக்குல உள்ளதுதான்), சேந்த தேதி, வெளிய வந்த தேதி, பிபிஓ நம்பர் (பென்ஷன் ஆர்டர் நம்பர்), அப்ப இருந்த பட்டாலியன், கம்பெனி, எந்த ஆஸ்பத்திரி, இதெல்லாம் முதல் பக்கத்துலயே வந்துரணும். பென்ஷன்ல வந்தவரா இருக்குறது உங்களுக்கு நல்லது, பென்ஷன் இல்லாம வெளிய வந்தவங்க சர்வீஸ் பேப்பர 25 வருசம் வச்சிருந்துட்டு அழிச்சிருவாங்க.

லெட்டர நேரா போஸ்ட்ல போடாம மதுரையில இருக்குற முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துல குடுத்து அவங்க கவரிங் லெட்டரோட அனுப்பச் சொல்லுங்க, ஒரு காப்பிய நீங்களும் ஸ்பீட் போஸ்ட்ல போட்டு அந்த ரசீதப் பத்திரமா வைங்க. டிஸ்சார்ஜ் புக் ஒரிஜினல மட்டும் யாரு கேட்டாலும் அனுப்பாதீங்க அய்யா, ஜெராக்ஸ் போதும். மறந்தும் புக்குல பேனா வச்சு எதையும் எழுதிறாதீங்க, ஒரு ஊர்ல ஒருத்தரு பேரன விட்டு மெடல் பேர அழகா எழுதி வச்சிருந்தாரு, அப்புறம் உண்மையான எழுத்தையும் சேத்து சந்தேகப்பட்டாங்க.

பதிலே வரலன்னா தகவல் உரிமைச் சட்டம் இருக்கு, 10 ரூபா போஸ்டல் ஆர்டர் வச்சு உங்க பார்ட் டூ ஆர்டர், ஷீட் ரோல் நகல் கேளுங்க, 30 நாளைக்குள்ள பதில் சொல்லணும். கூட இருந்த ரெண்டு பேரு உசுரோட இருந்தா, கம்பம் பக்கமோ நாகர்கோவில் பக்கமோ எங்க இருந்தாலும் பேரன்கிட்ட சொல்லி தேடச் சொல்லுங்க, நோட்டரி முன்னாடி பிரமாணப் பத்திரம் எழுதி வாங்குங்க, இத வெரசா செய்யணும், உங்க வயசுதான் அவங்களுக்கும். அந்த எக்ஸ்ரேயையும் ரிப்போர்ட்டோட வைங்க. இரும்பு இருக்குன்னுதான் எக்ஸ்ரே சொல்லும், யாரு சுட்டதுன்னு சொல்லாது, ஆனா பழைய ஆஸ்பத்திரி பேப்பர் ஒண்ணு கெடச்சு ரெண்டும் ஒரே எடத்தக் காட்டுச்சுன்னா அதுக்கு மேல என்ன வேணும்?

பேரன் சொன்னது உண்மைதான். அங்க ராணுவப் பதிவுகளத் திருத்துறதுக்குன்னே போர்டு இருக்கு, டிடி 149னு ஒரு பாரம், தப்பத் தெரிஞ்சுக்கிட்டு 3 வருசத்துக்குள்ள கேக்கணும்னு இருந்தாலும் நியாயம் இருந்தா தள்ளி வந்தாலும் எடுத்துக்குவாங்க. அங்கயும் எல்லாம் சுளுவா இல்ல, 1973 ஜூலைல செயின்ட் லூயிஸ்ல ஆவணக் கட்டடம் தீப்புடிச்சு 1 கோடியே 60 லட்சத்துக்கும் மேல ஃபைல் போச்சு, சம்பளப் பேப்பர், யூனிட்ல தினம் எழுதுன ரிப்போர்ட்னு அங்கங்க கெடந்தத வச்சுத்தான் மறுபடி சேத்தாங்க. நீங்க செய்யப் போறதும் அதே வேலைதான். இங்க அந்த மாதிரி தனி போர்டு இல்ல, ரெக்கார்ட் ஆபீஸ் முடியாதுன்னா ஆயுதப்படை தீர்ப்பாயம் போகலாம், 2007 சட்டத்துல வந்தது, சென்னையில பெஞ்ச் இருக்கு. அவங்க இல்லைன்னு சொன்ன தேதியில இருந்து 6 மாசம்தான் டைம், அதனால அந்தப் பதில் வந்த கவரக்கூட கிழிச்சுப் போடாதீங்க, தேதி முத்திரை அதுல இருக்கும்.

பணம் ஏதும் வருமான்னு நீங்க கேக்கல, கேக்குற ஆளும் நீங்க இல்ல, ஆனா ஊர்ல சொல்லுவாங்க. பூர்வி ஸ்டாருக்குன்னு மாசப் பணம் கிடையாது. காயத்துக்கான பென்ஷன் விவகாரம் வேற, அத இந்த லெட்டர்ல கலக்காதீங்க, ரெண்டும் சிக்கிக்கும். பணம் வாங்கித் தரேன்னு புரோக்கர் எவனாவது வந்தா வாசலோட அனுப்பிருங்க.

கேள்வி: அண்ணே, எங்க அப்பா ஆர்மில இருந்து தவறிட்டாரு. விட்டுப்போன மெடல மக நான் கேக்கலாமா? அவரு மெடல நான் குத்திக்கலாமா? (மேலூர்)

பதில்: தாராளமா கேக்கலாம் தங்கச்சி. மேல அய்யாவுக்குச் சொன்ன அதே வழிதான், கூட இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் வைங்க, அம்மா இருந்தா அவங்க கையெழுத்துல போகட்டும். குத்திக்கிறதப் பத்தி: போர் நினைவிடத்துல அஞ்சலி செலுத்துறப்ப குடும்பத்துல உள்ளவங்க குத்திக்கலாம்னு ராணுவமே அனுமதி குடுத்திருக்கு. அப்பா இடது பக்கம் போட்டிருப்பாரு, நீங்க வலது பக்கம் போடணும்.