தண்ணீர் மட்டமாக நிற்கிறது என்பதால் பூமி தட்டையாகிவிடுமா?

"தண்ணீர் எங்கும் மட்டமாகவே நிற்கிறது, அப்படியிருக்கக் கடல் வளைந்திருக்கிறது என்று எப்படி நம்புவது?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதே கேள்வியை மலேசியாவின் பட்டர்வொர்த்தில் இருக்கும் என் தாய்மாமா சென்ற ஆண்டு என்னிடம் கேட்டார். நாற்பது ஆண்டுகள் வீடு கட்டும் குத்தகை வேலை செய்தவர் அவர். தண்ணீர் நிரப்பிய தெளிவான பிளாஸ்டிக் குழாயின் இரு முனைகளையும் இரண்டு சுவர்களில் பிடித்து, நீர் நிற்கும் இடத்தில் கோடு போட்டுத்தான் தரை மட்டம் பார்ப்பார். "தண்ணீர் பொய் சொல்லாது, தம்பி" என்றார். அதை நானும் முழுமையாக ஏற்கிறேன். ஆனால் அது சொல்லும் உண்மை அவர் நினைத்த உண்மை அன்று.

சிக்கல் "மட்டம்" என்ற சொல்லில் இருக்கிறது. கொத்தனாரின் தொழிலில் மட்டம் என்பது தூக்குக்குண்டின் நூலுக்குச் செங்குத்தாக இருப்பது. அது நேர்கோடாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. பட்டர்வொர்த்தில் ஒரு தூக்குக்குண்டையும் அதற்கு வடக்கே உள்ள அலோர்ஸ்டாரில் இன்னொன்றையும் தொங்கவிட்டால், இரண்டு நூல்களும் இணையாக இருக்கமாட்டா. அவற்றுக்கிடையே முக்கால் பாகைக்குச் சற்றுக் குறைவான கோணம் இருக்கும், ஏனெனில் இரண்டும் பூமியின் மையத்தை நோக்கித் தொங்குகின்றன. ஒவ்வோர் இடத்திலும் நூலுக்குச் செங்குத்தாக நிற்கும் நீர்ப்பரப்பு, இந்தத் தூரம் முழுவதும் மட்டமாகவே இருந்துகொண்டு, அதே அளவு வளைந்தும் இருக்கும். அசைவற்ற நீரின் மேற்பரப்பு பூமியின் மையத்தையே தன் மையமாகக் கொண்ட கோளத்தின் பகுதி என்று ஆர்க்கிமிடீஸ் கி.மு. 3ஆம் நூற்றாண்டிலேயே நிறுவிவிட்டார். மாமாவின் 20 மீட்டர் குழாயில் இந்த வளைவு ஒரு மில்லிமீட்டரில் முப்பதில் ஒரு பங்குகூட வராது. அதை அவர் கவனிக்காமல் போனதில் குற்றம் ஏதுமில்லை.

இன்னும் நுட்பமாகச் சொன்னால், தண்ணீர் காட்டுவது ஈர்ப்பின் வடிவத்தை. அதனால்தான் கடற்பரப்பு ஒரு சீரான கோளமாகக்கூட இல்லை. இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில், கணக்கிட்டு வரையப்படும் சீரான வடிவத்தைவிடக் கடல்மட்டம் சுமார் 106 மீட்டர் தாழ்ந்திருக்கிறது. அங்கே ஈர்ப்பு சற்று வலுக்குறைந்திருப்பதே அதற்குக் காரணம்.

அப்படியானால் கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியாதா? முடியும், ஆனால் தண்ணீரை மட்டும் பார்த்து முடியாது. வளைவைக் காண அதனருகே ஒரு நேர்கோடு வேண்டும், பல கிலோமீட்டர் தூரத்துக்கு நம்மிடம் இருக்கும் ஒரே நேர்கோடு பார்வைக்கோடுதான். அந்தக் கோடும் நீருக்கு மிக அருகில் செல்லும்போது குளிர்ந்த காற்றில் வளைந்துவிடுகிறது. 1838இல் இங்கிலாந்தின் பெட்ஃபோர்டு கால்வாயில் சாமுவேல் ரோபாதம் என்பவர் நீருக்கு 20 சென்டிமீட்டர் மேலே கண்ணை வைத்து, ஏறக்குறைய 10 கிலோமீட்டர் தூரம் சென்ற படகு மறையவில்லை என்று கண்டு, பூமி தட்டை என்று முடிவு கட்டினார். 1870இல் அதே கால்வாயில் ஆல்ஃபிரட் ரசல் வாலஸ் 500 பவுண்டு பந்தயத்துக்காக அந்தச் சோதனையைத் திருத்திச் செய்தார். நம் மலாய்த் தீவுக்கூட்டத்தில் 1854 முதல் 1862 வரை அலைந்து திரிந்து உயிரினங்களை ஆராய்ந்த அதே வாலஸ்தான். இளமையில் நில அளவையாளராக இருந்தவர். பார்வைக்கோட்டை நீரிலிருந்து நாலு மீட்டர் உயர்த்தி, இரு முனைகளிலும் நடுவிலும் ஒரே உயரத்தில் குறிகளை வைத்தார். நடுக்குறி மற்றவற்றைவிட மேலே தெரிந்தது. கணக்குப்படி அங்கே நீர் நடுவில் சுமார் 1.8 மீட்டர் மேடிட்டிருக்க வேண்டும். ஒளிவிலகல் அதில் ஒரு பகுதியைக் குறைத்துக் காட்டும். பந்தயத்தில் தோற்ற, பூமி தட்டை என்று நம்பிய ஜான் ஹாம்டன் அதை ஏற்காமல் பல ஆண்டுகள் வாலஸை அவதூறு செய்து சிறைக்கும் போனார். எனக்கு அந்தப் பகையைவிட, கண்ணை நாலு மீட்டர் உயர்த்தியதே முக்கியமாகப் படுகிறது.

கை கழுவும் தொட்டியில் நீர் சுழலும் திசையையும் சிலர் பூமி உருண்டை என்பதற்கு ஆதாரமாகக் காட்டுவார்கள். தொட்டியின் அமைப்பும் நீரில் மிஞ்சியிருக்கும் அசைவுமே அந்தத் திசையைத் தீர்மானிக்கின்றன; அதை விட்டுவிடலாம்.

பினாங்கில் இருப்பவர்களுக்கு நல்ல சோதனை ஒன்று இருக்கிறது. படகுத்துறையிலிருந்து பார்த்துப் பயனில்லை. ஜார்ஜ்டவுனுக்கும் பட்டர்வொர்த்துக்கும் இடையே உள்ள 3 கிலோமீட்டரில் நடுமேடு 18 சென்டிமீட்டர்தான், அலைகளே அதை விழுங்கிவிடும். தஞ்சோங் பூங்கா கடற்கரைக்குச் செல்லுங்கள். அங்கிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர் வடக்கே, ஒரு காலத்தில் கடாரத்துக்கு வந்த கப்பல்களுக்கு வழிகாட்டிய ஜெராய் மலை 1,217 மீட்டர் உயரத்துக்கு நிற்கிறது. மழை பெய்து ஓய்ந்த ஒரு விடியற்காலையில் நானும் மாமாவும் மணலில் நின்று தொலைநோக்கியில் பார்த்தோம். மலை, கடலிலிருந்து நேரே எழும் தீவுபோல் தெரிந்தது. அடிவாரக் கரையோரத்தைக் காணவில்லை. நிற்பவரின் கண் உயரத்துக்கு அங்கே 70 மீட்டர் அளவு மறைய வேண்டும் என்பது கணக்கு. பிறகு அருகிலேயே நண்பரின் இருபதாவது மாடி வீட்டுக்கு ஏறினோம். அங்கிருந்து மறைவது 10 மீட்டருக்கும் குறைவு. அதே தொலைநோக்கியில் மலையின் காலடியில் மரங்களின் பச்சைக் கோடு தெரிந்தது.

மாமா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, மின்தூக்கியில் இறங்கி மணலில் நின்று இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்றார். இறங்கிப் பார்த்தோம். பச்சைக் கோடு அங்கே இல்லை.