வீடு அவருடையது, ஒப்பம் யாருடையது?

கேள்வி: வளர்முக நாடுகளில் பெண்களுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று கருத்தரங்கு மேல் கருத்தரங்கு வைக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் வீடு வளவு எல்லாம் காலங்காலமாகப் பெண்பிள்ளைக்குத்தானே போகிறது? நாங்கள் குடியிருக்கும் வீடும் என் மனைவியின் சீதனம்தான். அதை இப்போது மகளுக்கு எழுதப் போகிறேன். மாப்பிள்ளையின் பெயரையும் சேர்க்கச் சொல்கிறார்கள். எங்களுக்கும் இந்தப் பாடம் தேவையா?
– வாசகர் ஒருவர், சுன்னாகம்

பதில்: வீடு மனைவியின் சீதனம். எழுதப் போகிறவர் நீங்கள். பிறகு தேவையா என்று என்னைக் கேட்பானேன்?

பெருமைப்பட இடமுண்டு, மறுக்கவில்லை. 1707இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமையிலேயே தாயின் சீதனம் மகள்மாருக்கு என்ற வழக்கம் பதிவாகியிருக்கிறது. அந்தப் பெருமையோடு 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமை, மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தின் 6ஆம் பிரிவையும் ஒருக்கால் வாசியுங்கள். மனைவி தன் சீதனக் காணியை விற்பதானாலும் ஈடு வைப்பதானாலும் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். கணவன் தன் முதுசத்தை, அதாவது பரம்பரைச் சொத்தை, விற்க அவளைக் கேட்க வேண்டியதில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், மரணசாசனம் எழுத மட்டும் அவளுக்கு எவருடைய சம்மதமும் வேண்டாம். செத்தபின் எல்லாம் அவள் இஷ்டம்! நாட்டின் பொதுச் சட்டத்தின் கீழ் வரும் மனைவிமாருக்கு இந்தக் கட்டு 1923இலேயே அவிழ்ந்துவிட்டது.

எந்த நொத்தாரிசின் விறாந்தையிலும் பார்க்கலாம். சொப்பிங் பைக்குள் உறுதி, அடையாள அட்டை, வரி கட்டிய துண்டு எல்லாம் சரியாக அடுக்கிக்கொண்டு ஒரு பெண் வந்திருப்பார். “அவர் எங்கே தங்கச்சி?” என்பதுதான் முதல் கேள்வி. அவர் பாரிசில் இருப்பார், அல்லது வேறொரு குடும்பத்தோடு இருப்பார், அல்லது 2009க்குப் பிறகு எங்கே என்றே தெரியாது. இப்படிப்பட்டவர்கள் அதே சட்டத்தின் 8ஆம் பிரிவின்படி மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி கேட்கலாம். கணவன் கைவிட்டுப் போனாலும், நியாயமில்லாமல் ஒப்பம் வைக்க மறுத்தாலும் இந்த வழி உண்டு. பலருக்கு இது தெரியாது. தெரிந்தவர்களுக்கோ, தன் வீட்டை விற்கத் தானே வழக்குப் பேச வேண்டிய அலைச்சலும் செலவும்.

கருத்தரங்குக்காரரை நீங்கள் நக்கலடிப்பதும் சரியில்லை. ஆய்வாளர்கள் பினா அகர்வாலும் பிரதீப் பாண்டாவும் கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்தில் செய்த ஆய்வு 2005இல் வெளிவந்தது. வீடும் காணியும் இல்லாத மனைவிமாரில் 49 வீதத்தினர் நெடுங்காலம் அடி உதை பட்டிருக்கிறார்கள். இரண்டும் உள்ளவர்களில் 7 வீதத்தினர். போவதற்கு ஓர் இடம் இருக்கிறது என்று கணவனுக்கும் தெரியுமல்லவா! விற்கவும் ஈடு வைக்கவும் அவனே ஒப்பம் வைக்க வேண்டிய வீட்டுக்கு அதே பலம் இருக்குமா என்பதை நீங்களே யோசியுங்கள்.

தங்கச்சிக்கு வீடு கட்டவென்று குளிர்நாட்டில் இரண்டு வேலை செய்யும் அண்ணன்மாரின் பாடு வேறு கதை. அதற்குக் காரணம் பெண்ணின் உரிமை அல்ல, மாப்பிள்ளை வீட்டாரின் பட்டியல்.

மாப்பிள்ளையின் பெயரைச் சேர்க்க வேண்டாம். சேர்த்தால் பங்கு அவருடையதாகிவிடும், பிறகு பிரச்சினை வந்தால் திருப்பி எடுப்பது லேசில்லை. உறுதியைக் கலியாணத்துக்கு முன்பே மகளின் பெயருக்கு மட்டும் முடித்துவிடுங்கள். மனைவிக்குச் சீவிய உருத்து, அதாவது உயிருள்ளவரை அனுபவிக்கும் உரிமை, வைத்து எழுதச் சொல்லுங்கள். நொத்தாரிசிடம் சொல்ல வேண்டியவர் அவர்தான்; நீங்கள் கூடப்போய்ச் சம்மதத்துக்கு ஒப்பம் வைத்தால் போதும்.